கடலில் கண் எட்டும் தூரம் – 6: ஒன்பது கிலோமீட்டர் இருட்டு

ஒரு கப்பலிலிருந்து இன்னொரு கப்பலை எவ்வளவு தூரத்தில் பார்க்கலாம் என்பதைக் கண்ணின் கூர்மைக்கு முன்னால் பூமியின் வளைவு தீர்மானித்துவிடுகிறது. கரையில் நிற்பவரின் கண் தண்ணீருக்கு மேல் 1.6 மீட்டர் உயரத்தில் இருந்தால் அவருடைய அடிவானம் 5 கிலோமீட்டரில் முடிந்துவிடும். 9 மீட்டர் உயரத்திலிருந்து பார்த்தால் 11.5 கிலோமீட்டர், 25 மீட்டர் உயரத்திலிருந்து 19 கிலோமீட்டர். உயரத்தை மீட்டரில் எடுத்து, அதன் வர்க்கமூலத்தை 3.86 ஆல் பெருக்கினால் தூரம் கிலோமீட்டரில் வரும். காற்று ஒளிக்கதிரைக் கொஞ்சம் கீழ்நோக்கி வளைப்பதும் இந்த எண்ணில் அடங்கியிருக்கிறது. சிக்கல் அந்த வர்க்கமூலத்தில்தான் இருக்கிறது. இரண்டு மடங்கு தூரம் பார்க்க வேண்டுமானால் நான்கு மடங்கு உயரம் ஏற வேண்டும்.

எதிரே வரும் கப்பலுக்கும் உயரம் உண்டு. பார்ப்பவரின் அடிவானத் தூரத்தோடு, வருகிற கப்பலின் பாய்மர உச்சிக்குரிய அடிவானத் தூரத்தையும் கூட்டிக்கொள்ள வேண்டும். 40 மீட்டர் உயரத்தில் கயிற்றைப் பிடித்தபடி நிற்கும் மாலுமி, 50 மீட்டர் உயரமுள்ள வேறொரு பாய்மரத்தின் நுனியைக் கணக்குப்படி 50 கிலோமீட்டருக்கு அப்பாலும் பார்க்கலாம். நடைமுறையில் அது அரிது. கடலின் மேல் எப்போதும் மெல்லிய மங்கல் இருக்கும். அவ்வளவு தூரத்தில் மரநுனி ஊசியைவிட மெலிந்து தெரியும். சாதாரணமாக முதலில் கண்ணில் படுவது மேற்பாயின் வெள்ளைத் துணுக்கு. பிறகு கீழ்ப்பாய்கள் ஒவ்வொன்றாக எழும். கப்பலின் உடல் கடைசியில்தான் தெரியும். வருவது வணிகக் கப்பலா, பீரங்கி தாங்கிய கப்பலா என்பது உடல் தெரிந்த பிறகே உறுதிப்படும். முதல் துணுக்கு தெரிந்ததற்கும் உடல் தெரிந்ததற்கும் இடையில் ஒரு மணி நேரம்கூட ஓடிவிடும். ஏதோ இருக்கிறது என்று காண்பது ஒன்று, அது இன்னதென்று அறிவது வேறொன்று. கடற்போரின் வரலாற்றில் இந்த இரண்டுக்கும் நடுவே விழுந்து மூழ்கிய கப்பல்கள் ஏராளம்.

பாய்மரக் காலத்துக் கடற்படைகள் இந்தத் தூரத்தை நீட்டிக்கக் கண்ட வழி, கண்களைப் பரப்பி வைப்பது. ஃபிரிகேட் என்ற வேகமான சிறு கப்பல்களை ஒன்றுக்கொன்று கண்ணுக்கெட்டும் தூரத்தில் வரிசையாக நிறுத்துவார்கள். ஒன்று கண்டதைக் கொடி ஏற்றி அடுத்ததற்குச் சொல்லும். அது அதற்கடுத்ததற்குச் சொல்லும். 1798 மே மாதப் புயலில் பிரிட்டிஷ் அட்மிரல் நெல்சனின் தலைமைக் கப்பலான வேன்கார்ட் பாய்மரம் முறிந்து தத்தளித்தபோது, அவருடைய ஃபிரிகேட்டுகள் பிரிந்து போய்விட்டன. நெப்போலியனின் படையைச் சுமந்துகொண்டு நூற்றுக்கணக்கான பிரெஞ்சுக் கப்பல்கள் எகிப்தை நோக்கிப் போய்க்கொண்டிருந்த நேரம் அது. ஜூன் 22 விடியலில் நெல்சனின் ஆட்கள் தூரத்தில் நான்கு அந்நியக் கப்பல்களைக் கண்டார்கள். பிரெஞ்சுப் படை எப்போதோ கடந்து போயிருக்கும் என்று நம்பிய நெல்சன், அவற்றைத் துரத்திய கப்பல்களைத் திரும்ப அழைத்துக்கொண்டார். அவை அதே பிரெஞ்சுப் படையின் ஓரத்துக் காவல் கப்பல்கள். அன்று இரவு மூடுபனியில் இரண்டு படைகளும் ஒன்றின் பாதையை ஒன்று குறுக்கே கடந்தன. பிரிட்டிஷ் கப்பல்கள் அடையாளத்துக்காகச் சுட்ட பீரங்கிச் சத்தம் பிரெஞ்சுக்காரர்களின் காதில் விழுந்தது. நெல்சன் அலெக்சாண்டிரியாவுக்கு முன்னதாகவே போய்ச் சேர்ந்து, துறைமுகம் காலியாக இருப்பதைக் கண்டு கிளம்பிவிட்டார். ஓரிரு நாளில் பிரெஞ்சுப் படை அங்கே வந்து இறங்கியது. ஆகஸ்ட் 1 அன்று அபூகீர் விரிகுடாவில் நங்கூரமிட்டுக் கிடந்த பிரெஞ்சுப் போர்க்கப்பல்களை அவர் அழித்தார் என்றாலும், எகிப்தில் இறங்கிய படையை இறங்காமல் தடுக்க அது உதவவில்லை.

ஏழு ஆண்டுகள் கழித்து ஸ்பெயினின் காடிஸ் துறைமுகத்துக்கு வெளியே நெல்சன் அந்தக் குறை வைக்கவில்லை. கேப்டன் பிளாக்வுட்டின் ஃபிரிகேட்டுகள் துறைமுக வாயிலிலேயே நின்றன. இடையே சங்கிலியாகக் கப்பல்கள். நெல்சனின் விக்டரி சுமார் 50 மைல் தள்ளி, எதிரியின் கண்ணுக்கு எட்டாத தூரத்தில் இருந்தது. 1805 அக்டோபர் 19 காலை எதிரிகள் பாய் விரிக்கிறார்கள் என்ற செய்தி, கொடி கொடியாகத் தாவி ஏறக்குறைய இரண்டரை மணி நேரத்தில் அவரை அடைந்தது. எந்த ஒரு மாலுமியின் கண்ணும் 50 மைல் பார்க்கவில்லை, சங்கிலி பார்த்தது.

நீராவி வந்தபோது கப்பல்கள் தங்களைத் தாங்களே காட்டிக்கொடுக்கத் தொடங்கின. புகை 100 மீட்டர் உயரம் எழுந்தால், 25 மீட்டர் உயரத்தில் நிற்கும் கண்காணிப்பு மாலுமி அதை 58 கிலோமீட்டர் தூரத்திலிருந்தே பார்த்துவிடலாம். எந்த நிலக்கரி என்பதும் முக்கியமாகிவிட்டது. பிரிட்டனின் வேல்ஸ் நிலக்கரி அதிகம் புகையாது. இந்திய நிலக்கரியோ கருகருவென்று புகை கக்கும். 1914இல் வங்காள விரிகுடாவுக்குள் நுழைந்த ஜெர்மானியக் குரூசர் எம்டன், முதலில் பிடித்த பொன்டோபோரோஸ் என்ற கப்பலில் இருந்தது வங்காளத்து நிலக்கரி. பிறகு புரெஸ்க் என்ற கப்பலில் தரமான வேல்ஸ் நிலக்கரி கிடைத்தது. ஒளிந்து திரியும் கப்பலுக்கு அது பெரிய வரவு.

எம்டன் என்ற சொல்லைத் தமிழுக்குக் கொடுத்த கப்பல் இதுதான். 1914 செப்டம்பர் 22 இரவு சென்னைத் துறைமுகத்தின் முன்னால் வந்து நின்றபோது நகரத்து விளக்குகள் எரிந்துகொண்டிருந்தன. பர்மா ஆயில் கம்பெனியின் எண்ணெய்த் தொட்டிகள் மேல் சுமார் 130 குண்டுகளை வீசிவிட்டு இருட்டுக்குள் மறைந்தது. பிரிட்டிஷ், பிரெஞ்சு, ரஷ்ய, ஜப்பானியக் கப்பல்கள் தேடியும் மேலும் ஏழு வாரம் அது அகப்படவில்லை. அதில் மாயம் எதுவும் கிடையாது. ஒரு குரூசர் இருபுறமும் 20 கிலோமீட்டர் தூரம் தெளிவாகப் பார்க்கிறது, மணிக்கு 28 கிலோமீட்டர் ஓடுகிறது என்று வைத்துக்கொண்டால், 12 மணி நேரப் பகல் வெளிச்சத்தில் அது துழாவக்கூடிய பரப்பு 13,000 சதுர கிலோமீட்டரைக் கொஞ்சம் தாண்டும். வங்காள விரிகுடாவின் பரப்பு 20 லட்சம் சதுர கிலோமீட்டருக்கு மேல். ஒரு நாள் முழுக்கத் தேடினாலும் நூற்றில் ஒரு பங்குகூடத் தேறாது. விடிந்தால் தேடப்படும் கப்பல் வேறு இடத்தில் இருக்கும்.

எம்டனைக் கடைசியில் கண்டுபிடித்தது கண் அல்ல, கம்பியில்லாத் தந்தி. நவம்பர் 9 அன்று கோகோஸ் தீவில் கடலடித் தந்திக் கம்பியை அறுக்க எம்டன் ஆட்களை இறக்கியபோது, தீவின் தந்தி நிலையம் செய்தியைக் கத்தி அனுப்பிவிட்டது. ஆஸ்திரேலிய, நியூசிலாந்துத் துருப்புகளை ஏற்றிச் சென்ற கப்பல் கூட்டம் அப்போது சுமார் 50 கடல் மைல் தூரத்தில் போய்க்கொண்டிருந்தது. அதற்குக் காவலாகச் சென்ற ஆஸ்திரேலியக் குரூசர் சிட்னி உடனே திரும்பியது. எம்டனின் கண்காணிப்பு மாலுமி அடிவானத்தில் புகையைக் கண்டார், சொல்லவும் செய்தார். நிலக்கரி தர வரச்சொல்லியிருந்த புரெஸ்க்தான் வருகிறது என்று மேடையில் இருந்தவர்கள் எடுத்துக்கொண்டார்கள். புகைக்குக் கீழே போர்க்கப்பலின் மரங்கள் எழுந்தபோது, கரையில் இறங்கிய ஐம்பது பேரைத் திரும்ப ஏற்றிக்கொள்ளவும் நேரமில்லை. சண்டை தொடங்கி இரண்டு மணி நேரத்துக்குள் எம்டன் பவளப்பாறையில் ஏறி நின்றது.

இதுவரை சொன்னதெல்லாம் பகல் வெளிச்சத்துக் கதை. இரவில் கணக்கே வேறு. நிலவில்லாத இரவில் அடிவானம் எங்கே என்பது தடையாக இருப்பதில்லை. வானத்துக்கும் கப்பலுக்கும் இடையில் உள்ள கருமையின் வேறுபாடுதான் எல்லாம். எவ்வளவு இருட்டானாலும் வானம் கடலைவிட ஒரு சாயல் வெளுப்பாக இருக்கும். அந்த வெளுப்பின் மேல் கப்பல் கறுப்புக் கறையாகத் தெரியும். பின்னால் மலையோ தீவோ இருந்துவிட்டால் கறை கரைந்துபோகும். முன்முனையில் பிளந்து எழும் வெள்ளை நுரையும், பின்னால் நீளும் தடமும் கப்பலுக்கு முன்பே கண்ணில் படுவதுண்டு. வெளிச்சத்திலிருந்து வந்த கண் இருட்டுக்குப் பழக அரை மணி நேரம் பிடிக்கும். விழித்திரையின் நடுப்பகுதிக்கு மங்கலான ஒளியைப் பிடிக்கும் திறன் கிடையாது. அதனால் இரவில் ஒரு பொருளை நேராக உற்றுப் பார்த்தால் மறைந்துவிடும், ஓரக்கண்ணால் பார்த்தால் தெரியும். இதை அறியாத மாலுமி எவ்வளவு விழித்திருந்தும் பயனில்லை.

இதை ஒரு கலையாகவே வளர்த்தது ஜப்பானியக் கடற்படை. 1922 வாஷிங்டன் ஒப்பந்தம் பெரிய போர்க்கப்பல்களில் அமெரிக்காவுக்கும் பிரிட்டனுக்கும் ஐந்து பங்கு, ஜப்பானுக்கு மூன்று பங்கு என்று வரம்பு போட்டது. பகலில் எண்ணிக்கையால் தோற்கும் சண்டையை இரவில் டார்பிடோவால் சமன் செய்யலாம் என்பது ஜப்பானியரின் முடிவு. அதற்கு அவர்கள் கொடுத்த விலை சிறிதல்ல. 1927 ஆகஸ்டில் மிஹோனோசெகிக்கு அப்பால், விளக்கெல்லாம் அணைத்து முழு வேகத்தில் நடந்த இரவுப் பயிற்சியில் ஜின்ட்சு என்ற குரூசர் வராபி என்ற நாசகாரிக் கப்பலை மோதி மூழ்கடித்தது. நூற்றுக்கும் மேற்பட்டோர் மாண்டனர். பயிற்சி நிற்கவில்லை.

கண்ணாடியிலும் அதே கவனம். 1917இல் தொடங்கப்பட்ட நிப்போன் கோகாகு நிறுவனத்துக்கு 1921இல் ஜெர்மனியிலிருந்து எட்டு ஒளியியல் பொறியாளர்கள் வந்து சேர்ந்தார்கள். பிற்காலத்தில் நிகான் கேமராக்களைச் செய்த நிறுவனம் அதுவே. ஜப்பானியக் கப்பல்களின் மேடையில் பொருத்தப்பட்ட பெரிய பைனாகுலருக்கு 12 சென்டிமீட்டர் அகல முன்வில்லை, 20 மடங்கு உருப்பெருக்கம். 12 சென்டிமீட்டரை 20 ஆல் வகுத்தால் 6 மில்லிமீட்டர் வரும். கண்ணாடியின் பின்பக்கம் வெளியேறும் ஒளிக்கற்றையின் அகலம் இது. இருட்டில் விரிந்த இளைஞரின் கண்மணி 7 மில்லிமீட்டர் அளவு திறந்திருக்கும். முன்வில்லை வாங்கிய ஒளி ஏறக்குறைய சிந்தாமல் கண்ணுக்குள் போய்விடும். கையில் பிடித்தால் இதயத் துடிப்புக்கே ஆடும் கனமான கருவி. ஆகவே தூணில் இறுக்கி வைத்தார்கள். ஒவ்வொரு மாலுமிக்கும் கடலின் ஒரு துண்டு ஒதுக்கப்பட்டிருக்கும். அந்தத் துண்டைத் தவிர அவர் வேறு எங்கும் பார்க்கக் கூடாது.

ரேடார் இதே காலத்தில் வேறு திசையிலிருந்து வளர்ந்தது. 1904 மே மாதத்தில் கொலோன் நகரில் ரைன் ஆற்றங்கரையில், கிறிஸ்டியன் ஹுல்ஸ்மேயர் என்ற இளம் ஜெர்மானியர் வானொலி அலையை வீசி, ஆற்றில் போன கப்பலில் பட்டுத் திரும்பியதும் மணி அடிக்கும் ஒரு கருவியைக் காட்டினார். அது 3 கிலோமீட்டர் வரை எட்டியது. எந்தக் கடற்படையும் வாங்க முன்வரவில்லை. முப்பது ஆண்டு கழிந்தே பல நாடுகள் தனித்தனியாக அதே கருத்துக்குத் திரும்பின.

வானொலி அலைக்கும் அடிவானம் உண்டு. காற்று அதைக் கண்ணொளியைவிடச் சற்றே அதிகமாக வளைப்பதால், 3.86க்குப் பதிலாக 4.12 என்று பெருக்கினால் போதும். அதாவது ரேடார் கண்ணைவிடப் பதினைந்தில் ஒரு பங்கு தூரம்தான் கூடுதலாகப் பார்க்கிறது. சில பருவங்களில் மட்டும் விதிவிலக்கு நேரும். சூடான உலர்காற்று குளிர்ந்த ஈரக் கடற்காற்றின் மேல் படரும்போது அலை அந்த இரண்டுக்கும் நடுவே சிக்கி வளைந்தபடி ஓடும். இரண்டாம் உலகப் போர்க் காலத்தில் பம்பாயில் இருந்த ஒரு ரேடார், ஆயிரம் மைலுக்கும் அப்பால் உள்ள அரேபியக் கரையைக் காட்டியது இப்படித்தான்.

அடிவானத்தைவிடக் கடுமையான விதி இன்னொன்று. ரேடாரின் அலை போகும்போது பரந்து மெலிகிறது; பட்டுத் திரும்பும்போது இன்னொரு முறை மெலிகிறது. இதனால் எட்டும் தூரத்தை இரட்டிப்பாக்க ஆற்றலைப் பதினாறு மடங்கு கூட்ட வேண்டும். போகும் அலையை மட்டும் கேட்கும் எதிரிக்கு இந்தத் தொல்லை பாதிதான். 1941 மே மாதம் ஜெர்மானியப் போர்க்கப்பல் பிஸ்மார்க்கின் கதையில் இது வெட்டவெளிச்சமானது. மே 23 மாலை கிரீன்லாந்துக்கும் ஐஸ்லாந்துக்கும் இடையில், பிரிட்டிஷ் குரூசர் சஃபோக்கின் கண்காணிப்பு மாலுமி சுமார் 11 கிலோமீட்டர் தூரத்தில் பிஸ்மார்க்கைக் கண்ணால்தான் முதலில் கண்டார். உடனே மூடுபனிக்குள் ஒதுங்கிய சஃபோக், சுமார் 24 கிலோமீட்டர் எட்டும் ரேடாரால் அதைத் தொடர்ந்தது. நீர்மூழ்கிகளுக்குப் பயந்து வளைந்து வளைந்து ஓடியதால், ஒவ்வொரு முறை வெளிப்பக்கம் திரும்பும்போதும் எதிரொலி மறையும், உள்பக்கம் திரும்பும்போது மீண்டும் வரும். மே 25 அதிகாலை 3 மணியளவில் மறைந்த எதிரொலி திரும்பி வரவில்லை. பிஸ்மார்க் நழுவிவிட்டது. ஆனால் அதன் தளபதி லுட்யென்ஸுக்கு அது தெரியாது. எதிரியின் ரேடார் அலைகள் அவருடைய கருவியில் இன்னும் கேட்டுக்கொண்டிருந்தன என்பதே வரலாற்றாசிரியர்கள் பலரின் விளக்கம். தன்னை இன்னும் பார்க்கிறார்கள் என்று எண்ணியவர் நீண்ட வானொலிச் செய்தி அனுப்பினார், அதைக் கொண்டு பிரிட்டிஷார் திசை பிடித்தார்கள். மறுநாள் காலை 10.30 மணிக்கு ஒரு கேட்டலினா விமானம் மேலிருந்து அவரைக் கண்டது. மே 27 அன்று பிஸ்மார்க் மூழ்கியது.

கண்ணும் ரேடாரும் நேருக்கு நேர் மோதிய இடம் சாலமன் தீவுகள். 1942 ஆகஸ்ட் 7 அன்று அமெரிக்கர்கள் குவாடல்கனாலில் இறங்கினார்கள். அன்றே ரபௌலிலிருந்து ஜப்பானிய அட்மிரல் மிகாவா ஏழு குரூசர்களோடும் ஒரு நாசகாரிக் கப்பலோடும் தெற்கே கிளம்பினார். அவரை யாரும் பார்க்காமல் இல்லை. அன்று மாலையே எஸ்-38 என்ற அமெரிக்க நீர்மூழ்கியின் தலைக்கு மேல் அவருடைய கப்பல்கள் கடந்து போயின. மறுநாள் காலை ஆஸ்திரேலியாவின் ஹட்சன் விமானம் ஒன்று அவரைக் கண்டது. ஆனால் அதன் அறிக்கையில் கடல் விமானங்களுக்கான துணைக்கப்பல்களும் சேர்ந்திருந்தன. அந்தச் செய்தி அமெரிக்கத் தளபதி டர்னரின் கைக்கு வருவதற்குள் சாயங்காலம் ஆகிவிட்டது. கடல் விமானங்களை வைத்து எங்கோ தளம் அமைக்கப் போகிறார்கள், இன்றிரவு தாக்க வரமாட்டார்கள் என்று அவர் முடிவு செய்தார்.

குவாடல்கனாலுக்கு அருகில் உள்ள சாவோ தீவின் இருபுற வாயில்களையும் காக்க புளூ, ரால்ஃப் டால்பட் என்ற இரண்டு நாசகாரிக் கப்பல்கள் முன்னும் பின்னும் உலாவிக்கொண்டிருந்தன. இரண்டிலும் ரேடார் இருந்தது. மேகம் மூடிய இரவு. தீவைச் சுற்றி அவ்வப்போது மழை, மின்னல். நள்ளிரவு கழிந்து ஒரு மணிக்குச் சற்று முன்பு, மிகாவாவின் தலைமைக் கப்பலான சோகாயிலிருந்து கண்காணிப்பு மாலுமிகள் புளூவைக் கண்டார்கள். தூரம் சுமார் 9 கிலோமீட்டர். மிகாவா திசையைக் கொஞ்சம் மாற்றி, வேகத்தை மணிக்கு 22 கடல் மைலாகக் குறைக்கச் சொன்னார். வேகம் குறைந்தால் நுரைத்தடம் குறையும். ஐம்பதுக்கும் மேற்பட்ட பீரங்கிகள் புளூவைக் குறிபார்த்துத் திரும்பின. புளூ தன்பாட்டுக்கு நெருங்கி வந்தது. தூரம் 2 கிலோமீட்டருக்கும் குறைந்தபோது, தன் உலாவின் எல்லையை அடைந்த அந்தக் கப்பல் நிதானமாகத் திரும்பி, வந்த வழியே போய்விட்டது. அதில் இருந்த கண்கள் எதுவும் எட்டுக் கப்பல் வரிசையைக் காணவில்லை. அதன் ரேடாரும் காட்டவில்லை.

மிகாவா மறுபடி வேகமெடுத்தார். முந்திய பகலில் ஜப்பானிய விமானம் மோதி எரிந்துகொண்டிருந்த ஜார்ஜ் எஃப். எலியட் என்ற துருப்புக் கப்பலின் செந்நிற ஒளி வானத்தில் படிந்திருந்தது. அந்த ஒளிக்கு முன்னால் நேச நாட்டுக் குரூசர்கள் 12.5 கிலோமீட்டர் தூரத்திலேயே நிழலுருவாகத் தெரிந்தன. ஏறக்குறைய அரை மணி நேரமே நீடித்த சண்டையில் ஆஸ்திரேலியாவின் கான்பெராவும், அமெரிக்காவின் வின்சென்ஸ், குவின்சி, அஸ்டோரியா ஆகியவையும் மூழ்கும் நிலைக்கு வந்தன. நேச நாட்டுத் தரப்பில் மாண்டவர்கள் 1,077 பேர்.

ரேடார் ஏன் காட்டவில்லை என்ற கேள்விக்கு விடை அதன் அலைநீளத்தில் இருக்கிறது. எஸ்.சி. என்ற அந்தக் கருவி விமானங்களைத் தேடச் செய்தது. அலைநீளம் ஒன்றரை மீட்டர். அகலமான கற்றை, சுற்றிலும் தீவுகள். திரையில் வந்தது வரைபடம் அல்ல, ஒரு கோடு. எதிரொலி வந்தால் கோட்டில் ஒரு முண்டு எழும். சாவோ தீவின் மலையும் முண்டுதான், குரூசரும் முண்டுதான். இரண்டு நாள் தூங்காத ஆபரேட்டர் எந்த முண்டை நம்புவார்? அன்றிரவு ஜப்பானியக் கடல் விமானங்கள் தலைக்கு மேல் பறந்ததைக்கூட ரால்ஃப் டால்பட் கண்டு எச்சரிக்கை அனுப்பியது. அவை நம்முடையவை என்றே மற்றக் கப்பல்கள் எடுத்துக்கொண்டன. நீர்மூழ்கி கேட்டது, ஹட்சன் பார்த்தது, டால்பட் எச்சரித்தது. இவற்றை ஒன்றாகக் கோக்க ஒருவரும் இல்லை. காடிஸில் நெல்சனிடம் இருந்த சங்கிலி இங்கே கண்ணி கண்ணியாகச் சிதறிக் கிடந்தது.

தீர்வுக்கான கருவி ஏற்கெனவே பிறந்திருந்தது. 1940 பிப்ரவரியில் பர்மிங்காம் பல்கலைக்கழகத்தில் ராண்டாலும் பூட்டும் மேக்னட்ரான் என்ற சிறு செம்புக் கட்டையிலிருந்து 10 சென்டிமீட்டர் அலையை வலுவாக எழுப்பினார்கள். அந்த ஆண்டு செப்டம்பரில் பிரிட்டிஷ் விஞ்ஞானி டிசார்டின் தூதுக்குழு அதை அமெரிக்காவுக்குக் கொண்டுபோனது. அலை குறுகியதும் கற்றையும் குறுகியது. அமெரிக்கக் கடற்படையின் எஸ்.ஜி. ரேடார் வட்டத் திரையில் தன்னை நடுவே வைத்து, சுற்றியுள்ள கரையையும் கப்பலையும் மேலிருந்து பார்ப்பதுபோல் வரைந்து காட்டியது. தீவு தீவாகத் தெரிந்தது. கப்பல் தனிப் புள்ளியாக நகர்ந்தது.

ஆயினும் கருவி வந்ததுமே வெற்றி வந்துவிடவில்லை. 1942 அக்டோபர் 11 இரவு எஸ்பெரன்ஸ் முனைக்கு அருகில், ஹெலினா என்ற அமெரிக்கக் குரூசரின் எஸ்.ஜி. ரேடார் ஜப்பானியக் கப்பல்களை 25 கிலோமீட்டர் தூரத்தில் பிடித்தது. அமெரிக்கத் தளபதி அட்மிரல் ஸ்காட் இருந்த சான்ஃபிரான்சிஸ்கோ கப்பலில் எஸ்.ஜி. இல்லை. ஹெலினா கண்ட செய்தி அவருக்குப் போய்ச் சேர ஏறக்குறைய இருபது நிமிடம் ஆனது. அதற்குள் எதிரி கண்ணுக்கே தெரியும் தூரத்துக்கு வந்துவிட்டார். மறுபக்கம் ஜப்பானியரின் கண்காணிப்பு மாலுமிகளும் அமெரிக்கக் கப்பல்களைக் கண்டு சொன்னார்கள். அட்மிரல் கோட்டோ அவற்றைத் தங்கள் கப்பல்கள் என்று நினைத்தார். ஹெலினா சுட்டதும் அவர் படுகாயமடைந்தார். சுடுவது சொந்தக் கப்பல்களையோ என்று அஞ்சிய ஸ்காட், தொடங்கிய சிறிது நேரத்திலேயே நிறுத்தச் சொன்னார். ஜப்பானியர் ஃபுருடாகா குரூசரையும் ஃபுபுகி நாசகாரியையும் இழந்தார்கள். அமெரிக்க நாசகாரி டன்கன் இரு தரப்புக் குண்டுகளும் பட்டு மூழ்கியது. 25 கிலோமீட்டர் பார்க்கும் கருவி, அதன் திரையைப் பார்க்காத தளபதிக்கு ஐந்து கிலோமீட்டர்கூடப் பயன்படவில்லை.

அமெரிக்கர்கள் அடுத்த சில மாதங்களில் செய்த மாற்றம் மிக எளியது. அதுவே எல்லாவற்றையும் மாற்றியது. கப்பலுக்குள் ஒரு அறையை ஒதுக்கி, ரேடார் திரை, வானொலி, கண்காணிப்பு மாலுமியின் குரல், கடல் வரைபடம் எல்லாவற்றையும் அங்கே சேர்த்தார்கள். வந்த ஒவ்வொரு செய்தியும் மேசையில் விரித்த வரைபடத்தில் பென்சில் புள்ளியாக விழுந்தது. புள்ளிகளை இணைத்தால் எதிரியின் திசையும் வேகமும் கிடைத்தன. மேடையில் நிற்கும் கேப்டனுக்கு எதிரொலி போகவில்லை, முடிவு செய்யத் தேவையான பதில் போனது.

சாவோ சண்டை நடந்து ஏறக்குறைய ஓராண்டு கழித்து, 1943 ஆகஸ்ட் 6 இரவு, வெல்லா வளைகுடா. குவாடல்கனாலில் இருந்து வடமேற்கே, அதே சாலமன் தீவுக்கூட்டம். ஹகிகாசே, அராஷி, கவகாசே, ஷிகுரே என்ற நான்கு ஜப்பானிய நாசகாரிகள் படைவீரர்களையும் சரக்கையும் ஏற்றிக்கொண்டு கொலம்பங்கரா தீவை நோக்கி வந்தன. அவற்றில் ரேடார் இல்லை; கண்காணிப்பு மாலுமிகள் இருந்தார்கள், கண்ணாடிகளும் இருந்தன. மூஸ்பிரகர் தலைமையில் ஆறு அமெரிக்க நாசகாரிகள் கொலம்பங்கராவின் கரையை ஒட்டி நகர்ந்தன. தீவின் எரிமலை இருட்டு அவற்றுக்குப் பின்னால் இருந்தது. வானத்தின் வெளுப்பு இல்லாத இடத்தில் கறுப்புக் கறை தெரியாது.

இரவு 11.33க்கு டன்லப் கப்பலின் ரேடார் ஜப்பானியரை 18 கிலோமீட்டர் தூரத்தில் பிடித்தது. எட்டு நிமிடம் கழித்து மூன்று கப்பல்களிலிருந்து 24 டார்பிடோக்கள் ஏறக்குறைய ஒரு நிமிடத்தில் தண்ணீரில் இறங்கின. அதுவரை ஒரு பீரங்கியும் சுடவில்லை. பீரங்கியின் மின்னல்தான் இதற்கு முன் பல இரவுகளில் அமெரிக்கக் கப்பல்களின் இடத்தைக் காட்டிக்கொடுத்திருந்தது. ஜப்பானிய மாலுமிகள் கடைசி நேரத்தில் கண்டது கப்பலை அல்ல, தங்களை நோக்கி வரும் வெள்ளைக் கோடுகளை. முன்னால் போன மூன்று கப்பல்களும் பிளந்தன. மாலுமிகளும் படைவீரர்களுமாக 1,200 பேருக்கு மேல் மாண்டார்கள். அமெரிக்கர் தரப்பில் ஒருவரும் இறக்கவில்லை.

வரிசையில் கடைசியாக வந்த ஷிகுரே மட்டும் தப்பியது. அதன் கேப்டன் தாமெய்ச்சி ஹரா ஜப்பானியக் கடற்படையின் டார்பிடோ போர்முறையை வகுத்தவர்களில் ஒருவர். தன்னைத் தாக்கிய கப்பல்கள் எங்கே நின்றன என்பது அன்றிரவு அவருக்குத் தெரியவே இல்லை. பிறகு கப்பலைச் சோதித்தபோது சுக்கானில் ஓர் ஓட்டை இருந்தது. வெடிக்காத டார்பிடோ ஒன்று அதன் வழியே புகுந்து போயிருந்தது.